பொற்குழி வண்டின் முகவரி

ஊசி என்ற பெயர் அவளுக்கு எப்படி வந்தது என்பதற்கு இரண்டு கதை உண்டு. நாள் முழுதும் வண்டுகளை ஊசியில் குத்தி அட்டையில் நிறுத்துகிற வேலை, அதனால் வந்தது என்பாள் அவள். வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவருக்குச் சுருக்கென்று ஏறும், அதனால் வந்தது என்பார்கள் மற்றவர்கள். இரண்டுமே உண்மை என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் சண்டையில்லை.

அருங்காட்சியகத்தின் மேல்மாடியில் அவளுடைய அறை. ஜன்னலைத் திறந்தால் தூசி வரும், மூடினால் அந்துருண்டை வாசனை மூச்சை அடைக்கும். சுவர் நெடுக இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் வரிசை வரிசையாக வண்டுகள், ஒவ்வொரு வண்டின் காலடியிலும் ஒரு சின்னச் சீட்டு: யார் பிடித்தது, எங்கே பிடித்தது. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், "இத்தனை பேரை வெச்சுக் காப்பாத்தறதே பெரும்பாடா இருக்கு, இதுல இன்னும் ஒருத்தரா?" என்பாள்.

அந்த இழுப்பறைகளில் ஒன்றில் ஒரே ஒரு வண்டு மட்டும் தனியாக இருந்தது. பொற்குழி வண்டு. தரையில் ஓடித் திரிந்து நத்தையையும் புழுவையும் வேட்டையாடுகிற தரைவண்டுக் கூட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை அடுப்புக்கரி மாதிரி இருக்கும். இது மட்டும் எல்லா அழகையும் தானே வாரிக்கொண்டு பிறந்துவிட்டது. கரும்பச்சை முதுகு, அதில் நீளவாட்டில் வரப்பு வரப்பாக மேடுகள், வரப்புகளுக்கு நடுவில் வரிசையாகக் குழிகள், ஒவ்வொரு குழியின் அடியிலும் செம்பும் பொன்னும் கலந்த மினுக்கம். ஊசி பிறப்பதற்கு முன்பே பிடிபட்ட வண்டு. இன்னும் நிறம் மங்கவில்லை. அந்த நிறம் சாயமல்ல, ஓட்டின் அமைப்பே ஒளியை அப்படித் திருப்பி அனுப்புகிறது, அதனால் செத்தாலும் மங்காது. அதன் சீட்டில் "ஈரமான இடம்" என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த ஈரம், எந்த இடம் என்று எழுதாமல் போய்ச் சேர்ந்த அந்தப் புண்ணியவானை ஊசி தினமும் ஒரு முறையாவது திட்டுவாள்.

அந்த ஒன்றுக்குப் பிறகு அந்த வட்டாரத்தில் இந்த இனத்தை யாரும் உயிரோடு பார்க்கவில்லை. இப்போது அந்த வட்டாரத்து வண்டுகள் எல்லாவற்றையும் பற்றி ஒரு பெரிய புத்தகம் அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. அதில் பொற்குழி வண்டின் பக்கத்தில், படத்துக்குக் கீழே, "நிலை: அற்றுப்போனது" என்று போட்டிருந்தார்கள். சரிபார்க்க வந்த தாளில் ஊசி அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினாள். அழித்துத் திருப்பி அனுப்பினார்கள். பேனாவால் போட்டு அனுப்பினாள்.

அழித்தவர் அருங்காட்சியகத்தில் அவளுடைய பிரிவின் தலைவர், புத்தகத்தின் பதிப்பாசிரியரும் அவர்தான். கல்லூரியில் அவளோடு ஒரே வகுப்பு. அப்போது ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு, அதனால் கொசு. இப்போது நாற்காலியே அவரைக் கண்டால் முனகுகிறது. ஆனாலும் ஊசிக்கு அவர் கொசுதான். நாலு பேர் எதிரில் 'சார்', கதவைச் சாத்தினால் 'டேய்'.

எல்லாம் கிளம்பியது தங்கை வீட்டுக்காரரின் ரப்பர் பூட்ஸிலிருந்து. தங்கை குடும்பம் மாடியில், ஊசி கீழே. தங்கை வீட்டுக்காரர் குழாய் வேலை செய்கிறவர். ஊருக்கு வெளியே, மூடிப்போன செங்கல் சூளைக்கு மண் எடுத்த பெரிய பள்ளம் ஒன்று தண்ணீர் நின்று, கோரை மண்டி, குட்டையாகக் கிடந்தது. மழை பெய்தால் குட்டை பொங்கித் தெருவுக்கு வந்துவிடாமல் இருக்க ஒரு வடிகுழாய் உண்டு. அதில் குப்பை அடைத்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தொடை வரைக்கும் ஏறுகிற ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கி அடைப்பை எடுத்துவிட்டு வருவார். பூட்ஸைக் கழுவுவது தங்கையின் தலையெழுத்து.

அப்படிக் கழுவிய ஒரு நாள் தங்கை படியிறங்கி வந்து, "அக்கா, அவர் பூட்ஸ்ல ஒட்டிக்கிட்டிருந்துச்சு. ஏதோ நகையில இருந்து விழுந்த மாதிரி இருக்கு, பாரேன்" என்று உள்ளங்கையை நீட்டினாள்.

நகையில்லை. ஒரு வண்டின் ஒற்றை மேல்சிறகு, ஓடு மாதிரிக் கெட்டியானது. கரும்பச்சை. வரப்பு, குழி, வரப்பு, குழி.

ஊசி அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தங்கையின் கையை அப்படியே பிடித்து, தங்கையோடு சேர்த்து, விளக்கடிக்கு இழுத்துப் போனாள்.

"என்னக்கா, வைரமா?"

"வைரம் கடையில கிடைக்கும்டி. இது கிடைக்காது."

அன்றே அருங்காட்சியகத்துக்கு ஓடி, பழைய வண்டையும் புதுச் சிறகையும் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அதுமட்டுமல்ல, சிறகு உடம்போடு சேருகிற மூட்டில் காய்ந்த சதை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. செத்து வெகுநாளான வண்டுக்கு அது இருக்காது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலுக்கு மட்டுமல்ல, அவளுடைய தொழிலுக்கும் அதுதான் வேதம்.

கொசுவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவர் சிறகைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"பொற்குழிதான். சந்தேகமே இல்ல."

"அப்ப அந்த வார்த்தைய எடு."

"எப்படி எடுக்கறது? ஒத்தச் சிறகு. எங்கிருந்து வந்துச்சோ."

"டேய், இந்த வண்டு பறக்காதுடா. பறக்கற சிறகே கிடையாது. இந்த ஓடு மட்டும்தான். நடந்துதான் வந்திருக்கணும்."

"வண்டு பறக்காது, சரி. வண்டைத் தின்ன பறவை பறக்கும் இல்ல? நம்ம வட்டாரத்துக்கு வெளியில, மலைக்கு அந்தப் பக்கம் தின்னுட்டு இங்க வந்து துப்பியிருக்கலாமே."

பதில் இல்லாவிட்டால் அவளுக்குக் கோபம் வரும். "உனக்கு எது பிடிக்கலையோ அதுக்கெல்லாம் ஒரு பறவை வந்துடும்" என்றாள்.

கொசு கெட்டவர் அல்ல. தவறாக எதுவும் அச்சாகிவிடக் கூடாது என்கிற பயம் அவருக்கு. "இந்த மாசக் கடைசியில புத்தகம் அச்சுக்குப் போகுது, ஊசி. உசிரோட ஒண்ணு காட்டு. நானே என் கையால மாத்தறேன்."

மாசக் கடைசி என்பது வெறும் அச்சுத் தேதி மட்டுமல்ல. அந்தக் குட்டையை மூடி லாரிகள் நிறுத்துகிற இடமாக மாற்றப்போகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அருகிப்போன உயிர் ஒன்று அங்கே வாழ்கிறது என்று புத்தகம் சொன்னால் ஒரு கூடை மண்கூடக் கொட்ட முடியாது. அற்றுப்போனது என்று சொல்லிவிட்டால், அப்புறம் யார் யாரைக் கேட்கப் போகிறார்கள்? புத்தகம் வண்டை அற்றுப்போனது என்று சொல்லும், லாரிகள் வந்து அதை உண்மையாக்கிவிடும்.

ஊசி களத்தில் இறங்கினாள். தரைவண்டு பிடிக்க ஒரே வழி, உலகம் முழுக்க அதே வழி: தரையில் குழி தோண்டி, பிளாஸ்டிக் கப்பை விளிம்பு மண்ணோடு மண்ணாக இருக்கும்படி புதைத்து, அடியில் கொஞ்சம் வினிகர் விட்டு வைப்பது. ஓடி வருகிற வண்டு தவறி விழும். இந்த வேலைக்கு ஒரு முதல் பாடம் உண்டு: தண்ணீர் ஏறாத மேட்டில் வை. கப்பில் தண்ணீர் புகுந்தால் பிடித்ததெல்லாம் போச்சு. ஊசியும் கொசுவும் ஒரே ஆசிரியரிடம் திட்டு வாங்கிப் படித்த பாடம் அது. கப்புகள் வைக்கிற பெட்டியின் மூடியிலேயே கொசு பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்: 'மேட்டில் மட்டும்.'

மேட்டில் மட்டும்தான் வைத்தாள். குட்டையைச் சுற்றிக் கரை மேடு முழுக்க, சூளையின் இடிந்த சுவரோரம், பாதையின் இரு பக்கமும். தங்கை வீட்டுக்காரர் அன்று எந்த வழியாக நடந்தார் என்று கேட்டுக் கேட்டு, அவர் கால் பட்ட இடமெல்லாம் கப். கடப்பாரையோடு கூடவே வந்து குழி தோண்டிக் கொடுத்தவரும் அவர்தான். "மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் ஆழமா" என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். "தண்ணிக் குழாய் போடறதுக்குக் கூட இவ்வளவு பாடுபட்டதில்லக்கா" என்று அவர் வியர்வையைத் துடைத்துக்கொள்வார்.

கப்பில் விழுந்தவை: கறுப்பு வண்டுகள், இன்னும் கறுப்பு வண்டுகள், சிலந்திகள், வழி தவறிய ஒரு குட்டித் தவளை. தவளையை எடுத்து விட்டாள். மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்கினாள். பொற்குழி இல்லை. அடுத்த வாரமும் இல்லை. அதற்கடுத்த வாரமும் கறுப்புதான்.

அலுவலகத்தில் கேலி தொடங்கியது. படியில் எதிர்ப்பட்டால் "என்ன மேடம், நகை கிடைச்சுதா?" என்பார்கள். கொசு கேலி செய்யவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. பரிதாபமாக ஒரு பார்வை பார்த்து, "தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு நிக்காத, ஊசி. விடு" என்றார். அன்று மாலை அவள் பழைய இழுப்பறையைத் திறந்து, தனியாக நிற்கிற அந்த வண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது. வண்டுக்காக அழுகிற ஒரே மனுஷி நாமாகத்தான் இருப்போம் என்று நினைத்ததும் சிரிப்பும் வந்தது.

மாசக் கடைசிக்கு ரெண்டொரு நாள்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை காலை. மாடியில் டீ குடிக்கப் போயிருந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் பூட்ஸை நடுவில் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாசல்லயே தட்டிட்டுதானே வரேன்!" என்றார் அவர்.

"தட்டறது அடிய. அடியில என்ன இருக்கு? மேல பாருங்க, இந்தத் தொடை மடிப்பு பூரா பாசி. நாத்தம் குடலைப் பிடுங்குது. அன்னிக்கு அக்காவோட அந்த மினுமினுப்பு ஓடு கூட இந்த மடிப்புக்குள்ளதான் ஒட்டிக்கிட்டிருந்துச்சு!"

ஊசி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "எதுக்குள்ள?"

"இந்த மடிப்புக்குள்ளக்கா."

"அடியில இல்லையா? சேத்தோட சேத்தா?"

"சேத்துல இருந்தா எனக்கு எங்க தெரியப்போவுது? மேல பளபளன்னு இருந்ததாலதானே கண்ல பட்டுச்சு."

ஊசி மெல்லத் திரும்பி, "மாப்பிள்ளை, அன்னிக்குத் தண்ணி எது வரைக்கும் இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"தொடை வரைக்கும்க்கா. குழாய் வாய்ல ஒரு பெரிய மரம் விழுந்து அழுகிக் கிடக்கு. அதுல சாஞ்சுக்கிட்டுதான் குப்பைய எடுத்தேன்."

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"எங்க நடந்தீங்கன்னுதானே கேட்டீங்க. எங்க நின்னீங்கன்னு கேக்கலியே."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினாளாம் ஒருத்தி. ஊசி அவளை இனிமேல் கேலி செய்யமாட்டாள். சிறகு ஒட்டியது கரையில் நடந்தபோது அல்ல, தண்ணீரில் நின்றபோது. வண்டின் பெயரிலேயே தரை இருக்கிறது, பிறகு அது தரையில் இல்லாமல் எங்கே இருக்கும் என்று அவளும் நினைத்தாள், கொசுவும் நினைத்தார், அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் நினைத்தார்கள். தண்ணீர் ஏறாத மேட்டில் வை. மேட்டில் தேடினால் மேட்டில் இருப்பதுதான் கிடைக்கும். தண்ணீரில் வாழ்கிற ஒன்றை இத்தனை காலமாகத் தண்ணீர் இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்துத் தேடிவிட்டு, அற்றுப்போனது என்று எழுதிவிட்டார்கள்!

ஆனால் தரைவண்டு தண்ணீருக்குள் எப்படி மூச்சு விடும்? டீயை அப்படியே விட்டுவிட்டுக் கீழே ஓடினாள். பத்திரப்படுத்தியிருந்த சின்னப் பெட்டியிலிருந்து சிறகை எடுத்து, இந்தத் தடவை குப்புறத் திருப்பினாள். வெளிப்பக்கத்து மினுக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில், உள்பக்கத்தை அவள் சரியாகப் பார்த்ததே இல்லை. நன்றாகக் குழிந்து, கரண்டி மாதிரி இருந்தது. பறக்கிற வண்டுக்கு அந்தக் குழிவுக்குள் மெல்லிய சிறகு மடிந்திருக்கும். இந்த வண்டுக்கோ பறக்கும் சிறகு இல்லை. அப்படியானால் அந்த இடத்தில் என்ன இருக்கும்?

"காத்து!" என்று கத்தினாள். மாடியிலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். "காத்துடி! முதுகுல காத்தை வெச்சுக்கிட்டு முங்குது!"

"யாரு?"

"நம்ம ஆளு! மாப்பிள்ளை, அந்த பூட்ஸைக் குடுங்க."

பூட்ஸ் அவளுக்கு இடுப்பைத் தாண்டியது. உள்ளே இன்னொரு ஆள் இருக்கலாம் போலிருந்தது. கயிற்றால் வரிந்து கட்டிக்கொண்டாள். "ஆழம் தெரியாம காலை விடாதீங்கக்கா" என்று மாப்பிள்ளை பின்னாலேயே வந்தார். பழமொழிக்காக அல்ல, மெய்யாகவே பயந்து. கரையில் கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்க, ஊசி குட்டைக்குள் இறங்கினாள்.

வடிகுழாயின் வாய்ப்பக்கம் மரம் கிடந்தது. பாதி வெளியே, பாதி தண்ணீருக்குள், உடம்பெல்லாம் பாசி. கோரை வேர்கள் அதைச் சுற்றிப் பின்னிக்கொண்டிருந்தன. கலங்கிய தண்ணீர் தெளியும் வரை அசையாமல் நின்றாள். வெயில் மெல்ல ஏறித் தண்ணீருக்குள் சாய்ந்து விழுந்தது. மரத்தின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்ன நத்தைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சாப்பாடு இருக்கிறது. வீடு இருக்கிறது. வீட்டுக்காரர் எங்கே?

கால் மரத்துப்போகிற வரைக்கும் நின்றாள். மாப்பிள்ளை ஏதோ கேட்க வாயெடுத்தார். கையைக் காட்டி அடக்கினாள்.

அப்போது ஒரு நத்தை நகர்ந்தது. நத்தை அவ்வளவு வேகமாக நகராது. யாரோ இழுக்கிறார்கள். மரத்தின் நிழலிலிருந்து அது வெயிலுக்கு வந்தது: ஆறு காலால் மரத்தைப் பற்றிக்கொண்டு, தண்ணீருக்கடியில், தரையில் நடப்பது போலவே நிதானமாக நடந்துகொண்டு, வாயில் நத்தையோடு ஒரு வண்டு. முதுகின் பின்னோரத்தில் ஒரு துளிக் காற்று வெள்ளியாக மின்னியது. அந்த வெள்ளிக்கு முன்னால், கரும்பச்சையில், வரிசை வரிசையாகப் பொன்.

ஊசியின் நெஞ்சு அடித்த அடியில் தண்ணீர் கலங்கிவிடுமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. செத்த வண்டைப் பார்த்துப் பார்த்து, அதன் அழகு முழுவதும் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. கையைத் தாழ்வாகக் கொண்டுபோய் அள்ளினாள். வண்டு உடனே வாலைத் திருப்பி விரலில் எதையோ பீய்ச்சியது. சுரீரென்று எரிந்தது, காட்டமான புளித்த வாடை மூக்கில் ஏறியது. ஊசியே குத்துப்பட்ட நாள் அது. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள்.

"என்னக்கா, கடிச்சிடுச்சா?"

"இல்ல மாப்பிள்ளை, வணக்கம் சொல்லுது!"

வண்டைக் குட்டைத் தண்ணீரோடும் பாசியோடும் ஒரு பாட்டிலில் விட்டு, தண்ணீரில் நின்றபடியே கொசுவுக்குப் போன் போட்டாள்.

"கிளம்பி வா. செங்கல் சூளைக் குட்டை."

"ஞாயித்துக்கிழமை... கிடைச்சிடுச்சா? போட்டோ அனுப்பு."

"அனுப்ப மாட்டேன். உசிரோட காட்டுன்னு நீதானே சொன்ன? வா."

கொசு வந்தார். எங்கேயோ விருந்துக்குக் கிளம்பியவர் போலிருக்கிறது. தேய்த்த பேண்ட், பளபளக்கும் ஷூ. பாட்டிலைக் கையில் வாங்கியதும் முகம் சின்னப் பையன் முகமாகிவிட்டது. வெயிலில் தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தார். பிறகு அவருக்குள் இருந்த பதிப்பாசிரியர் மெல்லத் தலைதூக்கினார்.

"வண்டு சரி. ஆனா தண்ணிக்குள்ள வாழுதுங்கறியே... தவறி விழுந்ததா இருந்தா? ஒரே ஒரு வண்டு..."

இன்னொருத்தியாக இருந்தால் பாட்டிலாலேயே அடித்திருப்பாள். ஊசி அவர் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினாள். "நீ சொல்றது நியாயம். பாட்டில்ல இருக்கறது சாட்சி இல்ல, கைதி. அதோட வீட்டுலயே பாரு" என்று மூடியைத் திறந்து, வண்டை மரத்தடியில் விட்டுவிட்டாள். அது ஒரு முறை மேலே வந்து, பின்பக்கத்தைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக் காற்றை வாங்கிக்கொண்டு, மரத்துக்கடியில் மறைந்தே போனது.

"அக்கா!" என்று மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, கையில கிடைச்சதை விட்டுட்டீங்களே!"

கொசு பதறிப்போய்க் கரை விளிம்புக்கே வந்துவிட்டார். "பைத்தியமா உனக்கு? அதுதான் ஒரே ஆதாரம்!"

"ஒண்ணே ஒண்ணுதான்னா ஆதாரம் இருந்தும் பிரயோஜனம் இல்ல. இது வீடா இருந்தா குடும்பம் இருக்கும். நான் சொன்னா நம்பமாட்ட. இறங்கிப் பாரு."

"ஷூ..."

"ஷூ பெருசா, வண்டு பெருசா?"

கொசு கரையில் கொஞ்சம் தத்தளித்தார். ஷூவைக் கழற்றலாமா, பேண்டை மடிக்கலாமா, திரும்பிப் போய்விடலாமா என்று அவர் யோசித்த யோசனையெல்லாம் முகத்தில் வரிசையாக வந்து போனது. பிறகு அந்தக் கனத்த உடம்போடு, ஷூவோடு, தேய்த்த பேண்டோடு, தொபீரென்று இறங்கினார். குட்டையே ஒரு சாண் ஏறியது என்று மாப்பிள்ளை பின்னால் எல்லோரிடமும் சொல்லுவார்.

இரண்டு பேரும் மரத்தின் இரு பக்கமும் குனிந்து நின்றார்கள். தண்ணீர் தெளிய வெகுநேரம் ஆனது. ஊசிக்கு உள்ளுக்குள் பயம்தான். வாய் பேசிவிட்டது, வண்டு வராவிட்டால்? நாளைக்குப் புத்தகம் போய்விடும். அதற்கப்புறம் லாரி. தைரியமாக நிற்பது போல நின்றாளே தவிர, மனசுக்குள் அந்த வண்டைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். வாடா கண்ணு. உன் மானம் என் மானம் எல்லாம் உன் கையில. உனக்குத்தான் ஆறு இருக்கே.

"ஊசி" என்றார் கொசு. மெல்லிய குரல். பிறகு குட்டை முழுக்கக் கேட்கிற குரலில், "ஊசி! ரெண்டு! அடியே, ரெண்டு! இல்ல, அந்த வேர்ல ஒண்ணு... மூணு!"

மரத்தின் வயிற்றுப் பொந்திலிருந்து ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, கோரை வேரில் தலைகீழாக நடந்தபடி மூன்றாவது. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வெள்ளித் துளி. கொசு கண்ணாடியைத் துடைக்கக் கழற்றினார். கண்ணாடி நனைந்திருக்கவில்லை, கண்தான் நனைந்திருந்தது. தன் பங்குக்கு ஒன்றைக் கையில் அள்ளி, பீய்ச்சு வாங்கி, "ஸ்ஸ்..." என்று கையை உதறிவிட்டு, மறுபடி விரலை மோந்து பார்த்தார். காலேஜில் பார்த்த அதே கொசு. ஊதினால் பறந்துவிடுவார் போலிருந்தது.

"ஊசி, நான் அழிச்சேன் பாரு, அந்தக் கேள்விக்குறி..."

"பேனாவால போட்டதை அழிக்க முடியாதேன்னுதான் பேனாவால போட்டேன். இப்ப போனை எடு."

தொடை அளவு தண்ணீரில் நின்றபடியே கொசு அச்சகத்துக்காரருக்குப் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை தூக்கம் கெட்ட அந்த மனிதர் ஏதோ கத்துவது வெளியிலேயே கேட்டது. கொசு அதைவிடச் சத்தமாகக் கத்தினார். "நிறுத்துங்கய்யா! அந்தப் பக்கம் மாறுது. எழுதிக்கங்க. நிலை: 'அற்றுப்போனது' எடுத்துடுங்க. 'இருக்கிறது'ன்னு போடுங்க. ஆமா, இருக்கிறது. என் கண்ணு முன்னாடி இருக்குய்யா!" பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு, "வாழிடம் என்ன போட?" என்று அவளைக் கேட்டார்.

ஊசி தண்ணீரைப் பார்த்தாள். அந்தப் புண்ணியவான் எழுதாமல் விட்டதை இப்போது எழுத வேண்டும். "தேங்கிய நன்னீர். தண்ணீருக்குள் கிடக்கும் அழுகிய மரம், கோரை வேர். செங்கல் சூளைக் குட்டை, வடிகுழாய் வாய். ஒரு எழுத்து விடாம போடச் சொல்லு."

"பிடித்த முறை? தரைவண்டு எல்லாத்துக்கும் போடற மாதிரி 'மேட்டில் புதைத்த கப்'னு இருக்கு."

அவள் குனிந்து, தன் இடுப்புக் கயிற்றையும், அதன் மறுநுனியில் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிற மாப்பிள்ளையையும் பார்த்தாள்.

"அதை எடுத்துட்டு, 'தொடை உயர ரப்பர் பூட்ஸ்'னு போடு."

கொசு ஒரு கணம் தயங்கினார். பதிப்பாசிரியர் அல்லவா. பிறகு அப்படியே சொன்னார்.

அந்தக் குட்டைக்கு ஒரு லாரியும் வரவில்லை. புத்தகம் வந்த அன்று ஊசி ஒரு பிரதியை மாடிக்குக் கொண்டுபோனாள். மாப்பிள்ளை அந்தப் பக்கத்தை விரல் வைத்து வாசித்தார். 'இருக்கிறது' என்ற சொல்லைத் தாண்டி, வாழிடத்தைத் தாண்டி, கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அக்கா, இது என் பூட்ஸா?"

"வேற யாரோடது மாப்பிள்ளை?"

தங்கை புத்தகத்தைப் பிடுங்கி அந்த வரியைத் தானும் ஒரு முறை வாசித்தாள். பிறகு எழுந்து போய், குழாயடியில் பாசியோடு கிடந்த பூட்ஸை எடுத்து, வாயைத் திறந்து ஒரு வார்த்தை திட்டாமல், மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்துப் பார்த்துக் கழுவினாள்.